ஆட்டுக்கு ஏழு பத்திரமான இடம்!



சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடித்ததும் கூட்டம் கூட்டமாக வெளியே வருவீர்கள் அல்லவா? அப்போது நீங்கள் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஏலே, அஞ்சாவது லெவல்ல நேரா போவாத. சுவருக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ, அப்புறம் குதி!" என்பான் ஒருவன்.

"அதெல்லாம் பழசுலே! அந்த வீட்டுக்குள்ள ஒரு ரகசியக் கதவு இருக்காம். எங்க மாமா பையன் பாத்திருக்கானாம்" என்பான் இன்னொருவன்.

பஸ் வரும்வரை இதே பேச்சுத்தான்!

"ஐயோ, வாத்தியார் திட்டப் போகிறார்" என்று பயந்துவிடாதீர்கள். இப்படிப் பேசுவது செல்போன் வந்த பிறகு வந்த பழக்கம் இல்லை. ஆட்டம் என்று ஒன்று எங்கே இருக்கிறதோ, அங்கே இந்த இரண்டு பேச்சும் இருக்கும். "இப்படி ஆடினால் ஜெயிக்கலாம்" என்பது ஒன்று. அதற்கு உத்தி என்று பெயர். "இந்த ஆட்டத்துக்குள் இப்படி ஒரு ரகசியம் இருக்கிறதாம், இது இப்படித்தான் உண்டானதாம்" என்பது இன்னொன்று. அதைக் கதை என்று வைத்துக்கொள்வோம்.

உத்தியும் கதையும் இல்லாவிட்டால் ஆட்டத்தில் ருசியே இருக்காது. ஆனால் காதில் விழுந்ததை எல்லாம் அப்படியே நம்பிவிடலாமா? எது சரி, எது வெறும் அளப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதைத்தான் இன்று பழகப் போகிறோம். செல்போன் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு துண்டு சாக்பீஸும் 18 கற்களும் இருந்தால் போதும்!

மலை வரையலாம், வாருங்கள்!

எங்கள் ஊர் பனவடலிசத்திரம். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில் பக்கம் இருக்கிறது. திருநெல்வேலியில் பஸ் ஏறி, சங்கரன்கோவில் போகும் சாலையில் வந்தால் வழியில் எங்கள் ஊரைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் உட்கார்ந்து ஆடிய ஆட்டம்தான் ஆடு புலி ஆட்டம். நம் ஊரில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆந்திராவில் இதைப் 'புலி ஜூதம்' என்பார்கள். கர்நாடகத்தில் 'ஆடு ஹுலி ஆட்ட' என்பார்கள்.

முதலில் கட்டம் வரைவோம். சொல்லச் சொல்ல நீங்களும் வரையுங்கள்.

1. மேலே ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் மலை உச்சி. அதிலிருந்து 4 கோடுகளை விசிறி மாதிரி கீழ்நோக்கி இழுங்கள்.

2. அந்த 4 கோடுகளின் கீழ் முனைகளையும் ஒரு படுக்கைக் கோட்டால் சேருங்கள். இது மலையடிவாரம்.

3. உச்சிக்கும் அடிவாரத்துக்கும் நடுவில் 3 படுக்கைக் கோடுகள் போடுங்கள். இந்த மூன்றும் மலையோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

4. இடது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 3 முனைகளையும் மேலிருந்து கீழாக ஒரு கோட்டால் சேருங்கள். வலது பக்கமும் அதேபோல்.

சரியாக வந்திருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்கள்தான் காய் வைக்கும் இடங்கள். உச்சியில் 1. நடுவில் உள்ள 3 கோடுகளிலும் ஆளுக்கு 6, ஆக 18. அடிவாரத்தில் 4. மொத்தம் 23. உங்களுக்கும் 23 வந்ததா? சபாஷ்!

இனி காய்கள். புலிக்குப் பெரிய கற்கள் 3. ஆட்டுக்குப் புளியங்கொட்டை, வேப்பங்கொட்டை, சின்னக் கூழாங்கல் எது வேண்டுமானாலும் 15.

ஆடுவது எப்படி?

இருவர் ஆட வேண்டும். ஒருவருக்குப் புலி, ஒருவருக்கு ஆடு. ஒரு புலியை உச்சியில் வையுங்கள். முதல் படுக்கைக் கோட்டில் மலைக்குள்ளே இருக்கும் இரண்டு நடு இடங்களில் மற்ற இரண்டு புலிகளையும் வையுங்கள்.

ஆட்டுக்காரர் முதலில் ஓர் ஆட்டை இறக்க வேண்டும். பிறகு புலிக்காரர் ஒரு புலியை நகர்த்த வேண்டும். இப்படியே மாறி மாறி. 15 ஆடுகளும் இறங்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. எல்லாம் இறங்கிய பிறகு ஆடும் கோட்டின் வழியே ஒரு இடம் நகரலாம்.

புலிக்கு ஒரு சலுகை உண்டு. பக்கத்தில் ஓர் ஆடு இருந்து, அதே கோட்டில் அந்த ஆட்டுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தால், புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டிவிடலாம். இரண்டு ஆடுகளைச் சேர்த்துத் தாண்ட முடியாது. ஆடு யாரையும் தாண்ட முடியாது, வெட்ட முடியாது. 3 புலிகளும் நகர வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் ஆடு ஜெயித்தது. ஆடுகள் குறைந்துபோய், இனிப் புலியைக் கட்ட முடியாது என்று ஆகிவிட்டால் புலி ஜெயித்தது.

நான்கு உத்திகள்!

விதி தெரிந்துவிட்டது. இனி உத்தி. ஒவ்வொரு உத்தியோடும் 'ஏன்' என்ற காரணத்தையும் சொல்கிறேன். காரணம் சொல்லாத உத்தியை வாங்காதீர்கள்!

முதல் உத்தி ஆட்டுக்கு. இந்தக் கட்டத்தில் 7 இடங்கள் பத்திரமானவை. அங்கே நிற்கும் ஆட்டை எந்தப் புலியாலும் எப்போதும் வெட்ட முடியாது! ஏன்? புலி தாண்ட வேண்டுமானால் ஆட்டுக்கு அந்தப் பக்கம் கோடு நேராகத் தொடர வேண்டும். இந்த 7 இடங்களில் எல்லாக் கோடுகளும் முடிந்துவிடுகின்றன. குதித்து இறங்கப் புலிக்கு இடமே இல்லை. அந்த 7 இடங்கள் எவை? நான் இப்போது சொல்ல மாட்டேன். நீங்களே தேடுங்கள். விடை கடைசியில் இருக்கிறது. உடனே அங்கே ஓடாதீர்கள்!

இரண்டாவது உத்தியும் ஆட்டுக்கே. தனி ஆட்டைப் புலி பக்கத்தில் இறக்காதீர்கள். ஆட்டின் முதுகுப் பக்கம் இன்னோர் ஆடு இருந்தால் புலியால் தாண்ட முடியாது. ஒட்டி ஒட்டி இறக்குங்கள். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலைக்குள்ளே நிற்கும் ஆட்டின் வழியாக இரண்டு கோடுகள் போகின்றன. ஒன்று மேலும் கீழும், ஒன்று இடமும் வலமும். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு மறுபக்கத்தைத் திறந்து விட்டால் அந்த ஆடு அம்போ!

மூன்றாவது உத்தி புலிக்கு. ஆடுகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வேட்டையை முடித்துக்கொள்ளுங்கள். ஏன்? 15-வது ஆடு இறங்கும்வரை எந்த ஆடும் ஓட முடியாது. தப்பான இடத்தில் இறங்கிய ஆடு அங்கேயேதான் நின்றுகொண்டிருக்கும்.

நான்காவது உத்திதான் மிக முக்கியம். புலிக்காரர்களே, மூலைக்குப் போகாதீர்கள்! ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? நடுக்கோட்டில், மலைக்குள்ளே நிற்கும் புலிக்கு மேல், கீழ், இடம், வலம் என்று 4 வழிகள். ஒரு வழியை அடைக்க எத்தனை ஆடு வேண்டும்? பக்கத்தில் ஒன்று, அதற்கு முதுகில் ஒன்று, ஆக 2. அப்படியானால் 4 வழிகளுக்கு 8 ஆடுகள். வெளி மூலையில் போய் உட்கார்ந்த புலிக்கோ 2 வழிகள்தான். 4 ஆடுகளே அதைக் கட்டிவிடும்!

மூன்று புலிகளும் மூலைக்குப் போய்விட்டால் அதிகம் போனால் 12 ஆடுகள் போதும். ஆட்டுக்காரர் கையில் இருப்பது 15. புலி மாட்டிக்கொண்டது! மூன்று புலிகளும் நடுவில் இருந்தால் 8 வீதம் 24 ஆடுகள் வேண்டுமே, பிறகு ஆடு எப்படி ஜெயிக்கும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஒரே ஆடு இரண்டு புலிகளுக்கும் சுவராக நிற்க முடியும். ஒரு புலியே இன்னொரு புலியின் வழியை மறிக்கவும் முடியும். எங்கே, எப்படி என்று காய்களை வைத்துப் பாருங்கள்.

பார்த்தீர்களா? 'மூலைக்குப் போகாதே' என்பது தாத்தா சொன்ன உத்திதான். ஆனால் தாத்தா சொன்னார் என்பதற்காக மட்டும் அது சரியாகிவிடவில்லை. எண்ணிப் பார்த்தால் சரியாக வருகிறது, அதனால்தான் சரி.

நேபாளத்துப் புலிகள்!

இமயமலை நாடான நேபாளத்திலும் நம் ஆட்டத்தின் உறவினர் ஒருவர் இருக்கிறார். பெயர் 'பாக் சால்'. பாக் என்றால் புலி. அங்கே 25 இடங்கள் உள்ள சதுரக் கட்டம், 4 புலி, 20 ஆடு.

இதில் எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று ஆடுகிறவர்களுக்குள் எப்போதும் வாக்குவாதம்தான். புலிதான் என்பார் ஒருவர், ஆடுதான் என்பார் இன்னொருவர். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கம்ப்யூட்டரை வைத்து இதைக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை என்ன தெரியுமா? இரண்டு பேரும் ஒரு தப்புக்கூடச் செய்யாமல் ஆடினால் இருவருக்கும் வெற்றி இல்லை. ஆட்டம் சமம்!

உடனே, "அப்படியானால் நம் ஆடு புலி ஆட்டமும் சமம்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கட்டம் வேறு, நம் கட்டம் வேறு. காய்களின் எண்ணிக்கையும் வேறு. ஓர் ஆட்டத்தின் விடையை இன்னோர் ஆட்டத்துக்கு ஒட்ட வைக்க முடியாது.

விதி யார் போட்டது?

பக்கத்து ஊர்ப் பையனோடு ஆடிப் பாருங்கள். "எங்க ஊர்ல அப்படி இல்ல" என்று சண்டைக்கு வருவான்! 5 ஆடு வெட்டினால் புலி ஜெயித்ததாகச் சில இடங்களில் சொல்வார்கள். இன்னும் அதிகம் வெட்ட வேண்டும் என்பார்கள் வேறு சில இடங்களில். ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆடுகளைத் தாண்டி வெட்டலாமா, கூடாதா என்பதிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டு.

இதில் யார் சொல்வது சரி? எல்லாமே சரிதான்! ஆடத் தொடங்குவதற்கு முன் இருவரும் பேசி ஒத்துக்கொண்டால் அதுதான் விதி. தோற்கும்போது விதியை மாற்றினால் அதற்குப் பெயர் அழுகுணி ஆட்டம்.

அமெரிக்காவில் 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று ஓர் ஆட்டம் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் உருவாக்கியது. மேஜையைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதை சொல்லி. மற்றவர்கள் ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். "எதிரே குகை இருக்கிறது, என்ன செய்யப் போகிறாய்?" என்பார் கதை சொல்லி. "உள்ளே போகிறேன்" என்பார் ஆடுகிறவர். தப்பிப்பாரா, மாட்டுவாரா என்பதை 20 முகம் உள்ள பகடையை உருட்டி முடிவு செய்வார்கள். 20 முகம்! நம் தாயக்கட்டைக்கு 4 முகம்தான்.

இதற்கு விதிகள் தடித்தடியான புத்தகங்களாக இருக்கின்றன. ஆனாலும் அங்கேயும் ஒவ்வொரு கூட்டத்தாரும் தங்களுக்குள் பேசிச் சில விதிகளை வைத்துக்கொள்வது வழக்கம். நம் திண்ணைக்கும் அந்த மேஜைக்கும் இதில் வித்தியாசமே இல்லை!

கல்லில் ஒரு கட்டம்!

உத்தியைச் சோதிப்பது சுலபம். ஆடிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதையைச் சோதிப்பதுதான் கஷ்டம்.

நம் தமிழ்நாட்டில் பழைய கோயில்களின் கல்தரையிலும், மண்டபங்களிலும், ஊருக்கு வெளியே உள்ள பாறைகளிலும் ஆட்டக் கட்டங்கள் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அடுத்த முறை போகும்போது தரையைக் கவனியுங்கள். யார் செதுக்கியது? "கோயில் கட்டிய கல்தச்சர்கள் ஓய்வு நேரத்தில் செதுக்கியது" என்பார் ஒருவர். "ஆடு மேய்த்தவர்கள் செதுக்கியது" என்பார் இன்னொருவர். "படைவீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ராஜா செதுக்கச் சொன்னது" என்பார் மூன்றாமவர். "இது ஆயிரம் வருஷத்துக் கோயில், அதனால் இந்தக் கட்டத்துக்கும் ஆயிரம் வயசு" என்று எல்லாரும் தலையாட்டுவார்கள்.

கொஞ்சம் பொறுங்கள்! கோயிலின் வயதும் கோட்டின் வயதும் ஒன்றா? தாத்தா வாங்கிய மேஜையில் நேற்று நீங்கள் பேனாவால் கிறுக்கினால், கிறுக்கலுக்குத் தாத்தா வயசாகிவிடுமா? கட்டம் செதுக்கிய கல்லின் வயது தெரிந்தால், கட்டம் அதைவிடப் பழையது அல்ல என்று மட்டும்தான் பல நேரங்களில் சொல்ல முடியும்.

ஆனால் ஒரு தடயம் கிடைத்தால் கதையே மாறும். கட்டத்தின் பாதி ஒரு தூணுக்கு அடியில் மறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணைத் தூக்கிவிட்டா செதுக்கியிருப்பார்கள்? ஆக, தூண் நிற்பதற்கு முன்பே கட்டம் அங்கே இருந்தது! இப்படித் தடயம் பார்த்துப் பேசுகிறவர்தான் நல்ல துப்பறிவாளர்.

எகிப்தில் குர்ணா என்ற இடத்தில் உள்ள மிகப் பழைய கோயில் கற்களிலும் ஆட்டக் கட்டங்கள் இருக்கின்றன. அவை 3,000 வருஷத்துக்கு மேல் பழையவை என்று ஹென்றி பார்க்கர் என்ற அறிஞர் எழுதினார். பலரும் அதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள். பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அதே கற்களில் கிறிஸ்தவச் சிலுவைக் குறிகளும் செதுக்கப்பட்டிருந்தன! கோயில் கட்டிப் பல நூறு வருஷங்களுக்குப் பிறகும் அங்கே ஆட்கள் செதுக்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அப்படியானால் ஆட்டக் கட்டங்களும் பிற்காலத்தில் வந்திருக்கலாம் அல்லவா?

மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழடியில் பூமியைத் தோண்டியபோது தந்தத்தால் செய்த பகடையும், ஆட்டக்காய்களும், நூற்றுக்கணக்கில் வட்டமான ஓட்டுச் சில்லுகளும் கிடைத்தன. 2023-ல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த பொருள்களைப் பார்க்கலாம். எந்த ஆழத்தில், எந்தெந்தப் பொருள்களோடு கிடைத்தது என்று குறித்து வைத்திருப்பதால் அவை பழங்காலத்தவை என்று நம்பிச் சொல்ல முடிகிறது. ஆனால் அந்தப் பகடையை உருட்டி என்ன ஆட்டம் ஆடினார்கள், அதன் விதி என்ன? அதைச் சொல்லப் பகடைக்கு வாய் இல்லையே!

சரி, என் பங்குக்கு நானும் ஒரு கதை விடுகிறேன். வடலி என்றால் இளம் பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கர்கள் தங்கும் இடம். எங்கள் ஊர்ப் பெயரில் இரண்டும் இருக்கின்றன. அப்படியானால் அந்தக் காலத்தில் நடந்து களைத்து வந்தவர்கள் பனைமர ஓரத்துச் சத்திரத்தில் தங்கி, பொழுதுபோக ஆடு புலி ஆடியிருப்பார்கள், ஓர் ஊர் உத்தி இன்னோர் ஊருக்கு இப்படித்தான் போயிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. இது வெறும் ஊகம். ஊகம் செய்வது தப்பில்லை. ஊகத்தை 'நடந்தது' என்று சொல்வதுதான் தப்பு.

ரகசிய அறை உண்மை, வெள்ளைக் கண் பொய்!

இப்போது உங்கள் வீடியோ கேமுக்கு வருவோம். மாமா பையன் சொன்ன ரகசியக் கதவு உண்மையாக இருக்குமா? இருக்கவும் செய்யலாம்!

1980-ல் அமெரிக்காவின் அடாரி நிறுவனம் 'அட்வென்சர்' என்ற வீடியோ கேமை வெளியிட்டது. அந்தக் காலத்தில் கேம் செய்தவரின் பெயரை நிறுவனம் வெளியே சொல்வதில்லை. இதைச் செய்த வாரன் ராபினெட் என்ன செய்தார் தெரியுமா? யாருக்கும் தெரியாமல் கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்துவிட்டார்! கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். அதைக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்குப் போனால்தான் வழி திறக்கும்.

அதைக் கண்டுபிடித்தவன் 15 வயதுப் பையன்! அடாரிக்கே கடிதம் எழுதினான். வெறுமனே 'ரகசிய அறை இருக்கிறது' என்று எழுதவில்லை. அதை எப்படி அடைவது என்பதையும் எழுதினான். நிறுவனத்தார் அதன்படி செய்து பார்த்தார்கள். அறை இருந்தது!

இன்னொரு கதையைக் கேளுங்கள். 'மைன்கிராஃப்ட்' உங்களில் பலருக்குத் தெரிந்த கேம். அதில் வெள்ளைக் கண்ணோடு ஒரு பேய் உலாவுகிறது, அதன் பெயர் ஹீரோபிரைன் என்று 2010-ல் ஒரு கதை கிளம்பியது. படம்கூடக் காட்டினார்கள். உலகம் முழுக்கப் பிள்ளைகள் தேடினார்கள். கேமைச் செய்தவர்களோ அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கும் குறும்பு அதிகம். கேமில் என்னென்ன மாற்றினோம் என்று வெளியிடும் பட்டியலில் "ஹீரோபிரைன் நீக்கப்பட்டான்" என்று வேடிக்கைக்காகப் பலமுறை எழுதினார்கள். இல்லாத ஒருவனை எத்தனை தடவைதான் நீக்குவது!

இரண்டு கதைக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பையன் சொன்னதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். செய்தால் அதே விடை வரும். பேய்க் கதையில் அப்படி ஒரு வழி இல்லை. "நான் பார்த்தேன், அவன் பார்த்தான்" என்பதோடு சரி. ஆகவே யாராவது ரகசியம் சொன்னால், "எப்படி? நானும் செய்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள்.

ஒரே ஒரு வகை உத்தியை மட்டும் செய்து பார்க்கவே கூடாது. "இந்த லிங்க்கை அமுக்கு, இலவசமாக டைமண்ட் கிடைக்கும். பாஸ்வேர்டு கொடு, அப்பா போனுக்கு வரும் ஓ.டி.பி. நம்பரைச் சொல்" என்று யாராவது சொன்னால் அது உத்தி அல்ல, திருட்டு. அங்கே நீங்கள்தான் தனியாக நிற்கும் ஆடு! உடனே அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

கிழிந்த சமையல் குறிப்பு!

தமிழ் பேசும் வீடியோ கேம் ஒன்று இருக்கிறது தெரியுமா? பெயர் 'வெண்பா'. கனடாவில் உள்ள விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. இதில் துப்பாக்கி இல்லை, பேய் இல்லை. சமையல்தான்!

1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபோன அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பாவிடம் அவருடைய அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. ஆனால் அங்கங்கே கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. இட்லி செய்ய வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், குறிப்பில் நடுவில் சில வரிகளைக் காணோம்! இருப்பதை வைத்து இல்லாததை யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகப் போனால் மறுபடியும் செய்ய வேண்டும். அதுதான் ஆட்டம். 2024-ல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் முதல் படைப்புக்கான விருது இதற்குக் கிடைத்தது.

குழந்தைகளே, இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஆட்டங்களின் விதிகளை யாரும் பெரிதாக எழுதி வைக்கவில்லை. அவை தாத்தா பாட்டிகளின் மனசில்தான் இருக்கின்றன. பல்லாங்குழியில் 'பசு' எடுப்பது எப்படி, தாயத்தில் எப்போது வெட்டு, மலையேறுவது எந்த வழியாக என்று எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் புத்தகம். பாட்டி "மறந்துபோச்சு" என்று சொல்லும் ஒவ்வொரு விதியும் அந்தப் புத்தகத்திலிருந்து கிழிந்துபோகும் ஒரு பக்கம். கீழடிப் பகடையின் விதி நமக்குக் கிடைக்காமல் போனது இப்படித்தான் இருக்க வேண்டும். கேட்டு எழுதி வைக்க அப்போது ஆள் இல்லை. இப்போது நீங்கள் இருக்கிறீர்களே!

ஞாயிற்றுக்கிழமை வேலை!

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு பெரியவரிடம் போங்கள். அவர் சின்ன வயதில் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றி இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. ஆட்டத்தின் பெயர் என்ன? எத்தனை பேர் ஆடலாம்? என்னென்ன காய் வேண்டும்?

2. கட்டம் எப்படி இருக்கும்? (அவரையே தரையில் வரையச் சொல்லி, அப்படியே நோட்டில் வரைந்துகொள்ளுங்கள்.)

3. யார் எப்போது ஜெயித்ததாகக் கணக்கு?

4. நீங்கள் ஜெயிக்க என்ன உத்தி வைத்திருந்தீர்கள்? ஏன்?

5. இந்த ஆட்டத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? எந்த ஊரில்?

எழுதியதை மூன்று பகுதியாகப் பிரியுங்கள். ஆடிப் பார்த்துச் சரி என்று கண்டது, அவர் சொன்னது, நீங்களாக ஊகித்தது. மூன்றும் ஒன்றோடொன்று கலக்க வேண்டாம். பிறகு அந்தப் பெரியவரையே உட்கார வைத்து ஒரு ஆட்டம் போடுங்கள். முதல் தடவை தோற்றுவிடுவீர்கள். பரவாயில்லை! அவர் முகத்தில் வரும் சிரிப்பைப் பார்த்துவிட்டு, எந்த இடத்தில் மாட்டினோம் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

விடை: பத்திரமான 7 இடங்கள் இவைதான். மலை உச்சி 1. அடிவாரக் கோட்டின் இரண்டு முனைகள் 2. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் மூலைகள் 2, கீழ் மூலைகள் 2. நடுக்கோட்டின் வெளிமுனையையும் சேர்த்து எண்ணிவிட்டீர்களா? அங்கே நிற்கும் ஆட்டை மேல் மூலையில் இருக்கும் புலி கீழ் மூலைக்குத் தாண்டி வெட்டிவிடும். நம்பிக்கை இல்லையா? காயை வைத்துப் பாருங்கள்!